கொரிய ஸ்டேக்ஹவுஸில் இருவருக்கான இரவு விருந்து: முதன்முறை போகிறவர்களுக்கு

மேசை நடுவே அடுப்பு, அதைச் சுற்றித் தொடுகறிக் கிண்ணங்கள், சுட்ட கறியை இலையில் சுற்றிச் சாப்பிடுவது. இதெல்லாம் கொரியப் பழக்கம். வாரக்கணக்கில் உலரவைத்துப் பதப்படுத்திய மாட்டிறைச்சி, நீளமான ஒயின் பட்டியல், மங்கலான வெளிச்சம். இது அமெரிக்க ஸ்டேக்ஹவுஸ் பழக்கம். இரண்டையும் ஒரே மேசையில் சேர்த்ததற்குப் பெயர்போன இடம் நியூயார்க்கில் உள்ள ‘கோட்’. மன்ஹாட்டனின் ஃபிளாட்அயர்ன் பகுதியில், மேற்கு 22ஆம் தெருவில், 2017இல் சைமன் கிம் இதைத் திறந்தார். அதே ஆண்டில் மிஷெலின் நட்சத்திரமும் வந்தது. மயாமியிலும், சிங்கப்பூரின் கோமோ ஆர்ச்சர்டிலும் இதற்குக் கிளைகள் உண்டு. இந்த வழிகாட்டி ‘கோட்’ உணவகத்தை முன்வைத்து எழுதப்பட்டாலும், இதே பாணியில் நடக்கும் மற்ற கடைகளுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் ஒன்றை மனதில் வையுங்கள். மற்ற நல்ல உணவகங்களில் தட்டு வந்தபிறகு பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தாலும் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடாது. இங்கே கெட்டுவிடும். கட்டைவிரல் அளவுத் துண்டு அடுப்பிலிருந்து எடுத்த ஒரு நிமிடத்தில் ஆறத் தொடங்கும், இரண்டு மூன்று நிமிடத்தில் கொழுப்பு உறைந்து மெழுகுபோல நாக்கில் ஒட்டும். அதனால் பேச்சு, குடி, தொடுகறி எல்லாவற்றையும் அடுப்பின் வேகத்தோடு ஒத்துப்போகவிடுவதே இந்த விருந்தின் சூட்சுமம். கீழே சொல்வதில் பாதி அதற்காகத்தான்.

அழைப்பதற்கு முன்

கூட வருபவர் மாட்டிறைச்சி சாப்பிடுவாரா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். “அசைவம் சாப்பிடுவேன்” என்று சொல்கிற நம்மவர்களில் பலர் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள். இந்த வகைக் கடையில் மாட்டிறைச்சியைத் தவிர்த்தால் மிஞ்சுவது மிகக் குறைவு. சைவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். பார்ப்பதற்குக் காய்கறியாக இருக்கும் கிம்ச்சியில் பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ இருக்கும். சோயா விழுது போட்ட குழம்பு நெத்திலிச் சாற்றில் கொதித்ததாக இருக்கும். ஹலால் மட்டுமே சாப்பிடுபவர் என்றால் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்யாமல் கிளம்பாதீர்கள்.

ஒவ்வாமை இருந்தால் முன்பதிவின்போதே எழுதிவிடுங்கள். சோயா, எள், முட்டை, கோதுமை, இறால் ஆகிய ஐந்தும் இந்தச் சமையலில் எங்கும் பரவிக் கிடப்பவை. சாதாரண சோயா சாஸிலேயே கோதுமை இருக்கிறது. மேசையில் உட்கார்ந்தபிறகு சொன்னால், ஊறவைத்த இறைச்சியிலிருந்து எதையும் பிரித்தெடுக்க முடியாது.

மேசை

வெள்ளி, சனி இரவு ஏழு மணிக்கு மேசை கிடைப்பது கடினம். சில வாரம் முன்பே பதிவு செய்யுங்கள். முடியாவிட்டால் செவ்வாய், புதன் மாலை ஐந்தரைக்கோ இரவு ஒன்பதரைக்கோ முயலுங்கள். பிந்திய நேரத்துக்கு ஒரு நன்மை உண்டு: அடுத்து வருபவர்களுக்காக மேசையைக் காலி செய்யவேண்டிய நெருக்கடி குறைவு. இருவருக்கான மேசைக்கு இரண்டு மணி நேரம்போல ஒதுக்குவது வழக்கம். பதிவின்போது கடன் அட்டை எண் கேட்பார்கள். வராமல் போனால் ஆளுக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்வார்கள், அதனால் ரத்து விதியைப் படித்துவிட்டு அழுத்துங்கள்.

குறிப்பு எழுதும் இடத்தில் “அடுப்புள்ள மேசை, முடிந்தால் ஓரத்தில்” என்று எழுதுங்கள். பார் இருக்கையில் உட்கார்ந்தால் மேசை அடுப்பு இல்லாமல் போகலாம். பிறகு எதற்கு வந்தோம் என்றாகிவிடும். இந்த இடங்களில் இசை சத்தமாகவே இருக்கும். எதிரெதிரே உட்கார்ந்தால் நடுவில் அடுப்பு, அதற்கு மேல் கத்திப் பேச வேண்டும். மூலை மேசையில் பக்கத்துப் பக்கம் செங்கோணமாக உட்கார்ந்தால் மெதுவாகவே பேசலாம். சர்வர் நின்று சுடுவதற்கு ஒரு பக்கம் திறந்திருக்கவேண்டும், அந்தப் பக்கம் பையை வைக்காதீர்கள்.

உடை பற்றிக் கவலை அதிகம் வேண்டாம். இப்போதைய கடைகளில் புகையை அடுப்பின் விளிம்பிலேயே உறிஞ்சி மேசைக்கு அடியில் குழாய்வழி இழுத்துவிடுகிறார்கள். 32ஆம் தெருக் கொரியா டவுனின் பழைய பாணிக் கடைகள் சிலவற்றில் சாப்பிட்டுவிட்டு வந்தால் சட்டையில் இரண்டு நாள் மணம் நிற்பதுபோல இங்கே நிற்காது. ஆனாலும் கொழுப்பு தெறிக்கும். வெளிர்நிறப் பட்டு வேண்டாம், அகலமாகத் தொங்கும் கையும் துப்பட்டாவும் அடுப்புக்கு ஆகாது. நீண்ட கூந்தல் உள்ளவர்கள் முடிபோட்டுக்கொள்ள ஒரு ரப்பர்பேண்ட் எடுத்துச்செல்லலாம். குளிர்கால மேலங்கியை வாசலிலேயே கொடுத்துவிடுங்கள்.

என்ன ஆர்டர் செய்வது

முதன்முறை போகிறவர்கள் தனித்தனியாக இறைச்சி தேர்ந்தெடுக்க முயலவேண்டாம். கோட்டில் ‘புட்சர்ஸ் ஃபீஸ்ட்’ என்ற தொகுப்பு இருக்கிறது. நான்கு வகை இறைச்சி, தொடுகறிகள், வெங்காயத்தாள் சாலட், இலைகள், முட்டைப் பதார்த்தம், இரண்டு குழம்பு, சோறு, கடைசியில் ஐஸ்கிரீம். 2017இல் ஆளுக்கு 45 டாலராகத் தொடங்கியது, இப்போது அதைவிட நன்றாகவே கூடியிருக்கிறது. கிளம்பும் நாளில் கடையின் தளத்தில் விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மேசையில் இருக்கும் எல்லோரும் சேர்ந்துதான் இதை எடுக்கவேண்டும், ஒருவர் மட்டும் எடுக்க முடியாது. ‘ஸ்டேக் ஓமகாசே’ என்று, தேர்வைச் சமையல்காரரிடமே விட்டுவிடும் இன்னொன்று உண்டு. விலை பல மடங்கு, கொழுப்பும் அப்படியே. முதல் சந்திப்புக்கு அது தேவையில்லை.

வேறு கடையில் தனியாக ஆர்டர் செய்ய நேர்ந்தால் கணக்கு இது: இருவருக்கு 350 முதல் 450 கிராம் இறைச்சி போதும். கேட்பதற்குக் குறைவாகத் தோன்றும். கொழுப்பு இழையோடிய இறைச்சி சீக்கிரம் திகட்டும், கூடவே சோறும் குழம்பும் முட்டையும் வரும். மூன்று வகைக்குமேல் வேண்டாம். கொழுப்பு குறைந்தது ஒன்று, கொழுப்பு மிகுந்தது ஒன்று, ஊறவைத்தது ஒன்று.

முன்பசிக்கு ஒரே ஒரு தட்டு, அதுவும் குளிர்ந்ததாக, புளிப்பாக. பச்சை மாட்டிறைச்சித் துருவல் பிடிக்குமென்றால் அது. இல்லையேல் இறால். வறுத்ததை எடுத்தால் மூன்றாவது இறைச்சி வரும்போதே வயிறு நிறைந்துவிடும். பலரும் ஏமாறும் இடம் இது. தொகுப்பில் ஆகச் சுவையான கல்பி (ஊறவைத்த விலா இறைச்சி) கடைசியில்தான் வரும், அப்போது ஒரு வாய் இறங்காது.

அடுப்பில் நடப்பது

இடுக்கியை நீங்கள் எடுக்கவேண்டாம். இந்தக் கடைகளில் சர்வரே சுட்டுக் கொடுப்பார். உதவுகிறேன் என்று திருப்பிப்போட்டால் அவர் வைத்திருக்கும் நேரக்கணக்கு குலைந்துபோகும். சாதாரண கொரிய பார்பிக்யூ கடையில் நீங்களே சுடவேண்டியிருந்தால், பச்சை இறைச்சியைத் தொட்ட இடுக்கி வேறு, வெந்ததை எடுக்கும் குச்சி வேறு என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

முதலில் பச்சை இறைச்சி முழுவதையும் ஒரு தட்டில் காட்டுவார்கள். அந்த நேரத்தில் எது எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கோட்டில் பொதுவாக வருவது ஹேங்கர், உலரவைத்த ரிப்ஐ (விலாப் பகுதி இறைச்சி), கொழுப்பு இழையோடிய அமெரிக்க வாக்யு வகையில் ஒன்று, ஊறவைத்த கல்பி. பருவத்துக்கு ஏற்ப மாறலாம்.

பிறகு ஒரு கொழுப்புக் கட்டியை எடுத்துச் சூடான இரும்பின்மேல் தேய்ப்பார். எண்ணெய்க்குப் பதில் இது. கட்டி தொடர்ந்து சீறவேண்டும். சீறல் மந்தமாக இருந்தால் இரும்பு இன்னும் காயவில்லை என்று பொருள். இறைச்சியின் மேல்தோல் பழுப்பேறி மணம் வர, அந்தப் பரப்பு ஏறக்குறைய 140 பாகை செல்சியஸைத் தாண்டவேண்டும். ஈரம் இருக்கும்வரை 100 பாகையைத் தாண்டாது. அதனால்தான் துண்டுகளை நெருக்கிப் போடக்கூடாது. எட்டுத் துண்டு ஒரேநேரத்தில் போட்டால் இரும்பின் சூடு இறங்கி, சாறு வெளியே கசிந்து, இறைச்சி சுடாமல் அவிந்துபோகும். சாம்பல் நிறமும் வேகவைத்த மணமும் வந்தால் நடந்தது அதுதான். நல்ல சர்வர் நாலைந்து துண்டோடு நிறுத்துவார். “சீக்கிரம் எல்லாவற்றையும் போடுங்கள்” என்று அவசரப்படுத்தாதீர்கள்.

வரிசைக்கும் காரணம் உண்டு. ஊறவைக்காதவை முதலில், ஊறவைத்தது கடைசியில். கல்பி ஊறும் கலவையில் சோயா சாஸ், சர்க்கரை, பேரிக்காய், பூண்டு, நல்லெண்ணெய் இருக்கும். சர்க்கரை இரும்பில் பிடித்துக் கரியாகும், அதன்மேல் அடுத்து எதைப் போட்டாலும் கசக்கும். கரி பிடித்துவிட்டால் இரும்பை மாற்றித் தரச் சொல்லுங்கள். அது உரிமையோடு கேட்கக்கூடியது, யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

ஹேங்கர் என்பது உதரவிதானத்தை ஒட்டித் தொங்கும் தசை. ஒரு மாட்டில் ஒன்றுதான். கொழுப்பு குறைவு, இரும்புச்சத்து மணம் அதிகம், நார் தடிமன். நடுவில் நன்றாகச் சிவப்பு இருக்கும்படி, மீடியம் ரேர் பக்குவத்தில் எடுத்தால்தான் மெல்லும். முழுக்க வேகவைத்தால் ரப்பராகிவிடும்.

ரிப்ஐ இதற்கு நேர் எதிர். உள்ளே கொழுப்பு இருப்பதால் மீடியம் வரை போனால்தான் அது உருகி இழைக்குள் இறங்கும். கோட்டில் அடித்தளத்தில் சிவப்பு வெளிச்சத்தோடு ஓர் உலர்த்தும் அறை இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன்போ பின்போ பார்க்க முடியுமா என்று கேளுங்கள். உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில், ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தி, காற்று ஓடவிட்டு வாரக்கணக்கில் வைப்பார்கள். தண்ணீர் குறைந்து சுவை அடர்கிறது. இறைச்சியிலுள்ள நொதிகளே தசையை இளக்குகின்றன. வெளியே இறுகிக் கறுத்த ஓட்டைச் சீவி எறிந்துவிட்டு மிஞ்சுவதைத்தான் விற்கிறார்கள், விலையின் ஒரு பகுதி அங்கே போகிறது. 45 நாள் வைத்ததில் வறுத்த கொட்டையும் பாலாடைக்கட்டியும் கலந்ததுபோல ஒரு மணம் இருக்கும். முதல் வாயில் இது கெட்டுப்போன வாடையோ என்று சிலருக்குத் தோன்றும். இல்லை. வெறும் உப்பை மட்டும் தொட்டு இரண்டாவது துண்டைச் சாப்பிட்டுப் பாருங்கள்.

தட்டில் வடியும் சிவப்பு நீர் இரத்தம் அல்ல, தசையிலுள்ள மயோகுளோபின் என்ற புரதம் கலந்த சாறு. கூட வந்தவருக்குச் சிவப்பே ஆகாது என்றால் வற்புறுத்தவேண்டாம். அவருக்கு ரிப்ஐ, வாக்யு துண்டுகளை இன்னும் ஒரு நிமிடம் விட்டுத் தரச் சொல்லுங்கள். கொழுப்பு இருப்பதால் தாங்கும். கல்பியும் நன்கு வெந்தாலே ருசி. ஹேங்கரை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பங்கீட்டைத் தொடக்கத்திலேயே சர்வரிடம் சொன்னால் இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சுட்டுத் தருவார்.

வெந்த துண்டு தட்டில் விழுந்ததும், பேச்சு எங்கே இருந்தாலும், வாயில் போடுங்கள். முக்கியமாக ஏதாவது பேசவேண்டுமென்றால் “கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்” என்று சர்வரிடம் சொல்லலாம். சுடாத இறைச்சி காத்திருக்கும். அடுப்பின் ஓரத்தில் ஒதுக்கிவைத்த துண்டு காத்திருக்காது, உள்ளே வெந்துகொண்டே போகும்.

தொட்டுக்கொள்வதும் இலையில் சுற்றுவதும்

சுற்றிவரும் சின்னக் கிண்ணங்கள் பான்ச்சான். பொதுவாக விலை கிடையாது, தீர்ந்தால் கேட்டு வாங்கலாம். ஆனால் ஊறுகாய், கிம்ச்சி, வெங்காயத்தாள் இவற்றின் வேலை கொழுப்பை அறுப்பது. இறைச்சி வருமுன் அவற்றையே தின்று பசியை ஆற்றிக்கொள்ளவேண்டாம்.

ஒவ்வொரு இறைச்சியிலும் முதல் துண்டை உப்போடு. இரண்டாவதைச் சம்ஜாங் என்ற விழுதைத் தொட்டு. மூன்றாவதை இலையில் சுற்றி. முதல் துண்டையே இலையில் சுற்றிவிட்டால் 45 நாள் உலரவைத்ததற்கும் நேற்று வெட்டியதற்கும் வேறுபாடு தெரியாது.

சுற்றுவதற்கு: உள்ளங்கையில் லெட்டூஸ் இலை, இருந்தால் அதன்மேல் பெரில்லா இலை. ஒரே ஒரு துண்டு இறைச்சி. சம்ஜாங் ஒரு சுண்டைக்காய் அளவு, அது புளித்த சோயா விழுதும் மிளகாய் விழுதும் சேர்ந்தது, உப்பு கடுமை. வெங்காயத்தாள் இரண்டு இழை. ஓரங்களைக் கூட்டி முடிச்சுபோலப் பிடித்து முழுவதையும் ஒரே வாயில் போடவேண்டும். பாதி கடித்தால் மீதி கையில் அவிழ்ந்து மடியில் விழும். அதனால் பெரிய இலையை முதலிலேயே இரண்டாகக் கிழித்துக்கொள்ளுங்கள். வாய் நிறைந்திருக்கும்போது எதிரில் இருப்பவரிடம் கேள்வி கேட்காதீர்கள், பாவம்.

ஒருவர் சுற்றி மற்றவர் வாயில் ஊட்டுவது கொரியக் காதலர்களிடம் சகஜம். இருவருக்கும் இணக்கம் என்றால் செய்யுங்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் என்றால் சுற்றி அவர் தட்டில் வைத்தாலே போதும், அதிலேயே அன்பு தெரியும். பச்சைப் பூண்டு வைக்கலாமா? இருவரும் வையுங்கள், இல்லையேல் இருவருமே தவிருங்கள்.

கொரியக் குச்சிகள் உலோகம், தட்டை, வழுக்கும். சிரமமாக இருந்தால் மரக்குச்சியோ முள்கரண்டியோ கேளுங்கள். சோற்றையும் குழம்பையும் கரண்டியால்தான் சாப்பிடுவார்கள், கிண்ணத்தைக் கையில் தூக்குவதில்லை. முட்டைப் பதார்த்தமான கெரான்ஜிம் மண்சட்டியில் கொதித்தபடி பொங்கி வரும். மேலே ஆறியதுபோல இருக்கும், உள்ளே நாக்கைச் சுட்டுவிடும். ஓரத்திலிருந்து எடுத்து ஊதிச் சாப்பிடுங்கள்.

குடிக்க

அமெரிக்காவில் மதுவுக்கு வயது 21. எந்த வயதாகத் தெரிந்தாலும் அடையாள அட்டை கேட்கலாம், சுற்றுலா வந்தவர்கள் அசல் பாஸ்போர்ட்டை எடுத்துச்செல்லுங்கள். இருவருக்கு முழுப் பாட்டில் ஒயின் அதிகமென்றால் கிளாஸ் கணக்கில் வாங்கலாம். கோட்டில் கிளாஸ் ஒயினை இரட்டை அளவு மேக்னம் பாட்டிலிலிருந்து ஊற்றுவது வழக்கம். மிளகாயும் பூண்டும் இருப்பதால் ஓக் மணமும் துவர்ப்பும் மிகுந்த கனமான சிவப்பு ஒயின் அவ்வளவு சேராது. பினோ நுவார் போன்ற மெல்லிய சிவப்போ, நுரைக்கும் வெள்ளையோ ஒத்துப்போகும்.

சோஜு என்ற கொரிய மதுவைக் குடிப்பதென்றால் 16, 17 சதவீதம் ஆல்கஹால் என்பதை நினைவில் வையுங்கள், இனிப்பாக இறங்குவதால் அளவு தெரியாது. ஒருவர் கிளாஸை மற்றவர் நிரப்புவதுதான் முறை. தனக்குத்தானே ஊற்றிக்கொள்வதில்லை. ஊற்றும்போதும் வாங்கும்போதும் இரண்டு கையும் பயன்படுத்தினால் மரியாதை. மது வேண்டாமென்றால் வறுத்த பார்லித் தண்ணீர் இருக்கிறதா என்று கேளுங்கள். கொழுப்பான சாப்பாட்டுக்கு அதைவிடப் பொருத்தமானது குறைவு.

கடைசிச் சுற்றும் பில்லும்

கல்பி வரும் நேரத்தில் சோறும் தொயென்ஜாங் (சோயா விழுது) குழம்பும் கிம்ச்சிக் குழம்பும் வந்துவிடும். இனிப்பான கல்பி, காரமான குழம்பு, வெறும் சோறு மூன்றையும் மாற்றி மாற்றி எடுங்கள். குளிர்ந்த நூடுல்ஸான நெங்மியோன் மெனுவில் இருந்தால் இருவருக்கு ஒன்று போதும். இழை நீளமாக இழுபடும், கத்தரிக்கோல் தருவார்கள், ஒருமுறை குறுக்கே வெட்டிக்கொள்ளலாம். கோட்டில் முடிவில் சோயா சாஸ் கலந்த கேரமல் ஊற்றிய வெண்ணிலா சாஃப்ட்சர்வ் ஐஸ்கிரீம் வரும். உப்பும் இனிப்பும் சேர்ந்த அது தொகுப்பிலேயே அடக்கம் என்பதால் தனியாக இனிப்பு ஆர்டர் செய்யவேண்டாம்.

பில்லை முன்கூட்டியே கணக்கிட்டு வையுங்கள். நியூயார்க்கில் மெனு விலையில் வரி சேராது. சாப்பாடும் குடியும் 250 டாலர் என்றால் 8.875 சதவீத வரி ஏறக்குறைய 22 டாலர், 20 சதவீத டிப்ஸ் 50 டாலர், ஆக 322. டிப்ஸை வரிக்கு முந்திய தொகையில் கணக்கிடலாம். மேசையருகே நின்று இரவு முழுக்கச் சுட்டுத் தந்தவருக்கு 20 சதவீதத்துக்குக் குறைத்துக் கொடுப்பது நியாயமில்லை. சிங்கப்பூரில் முறை வேறு: 250 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) முதலில் 10 சதவீதச் சேவைக் கட்டணம், அந்த 275க்கு மேல் 9 சதவீத ஜிஎஸ்டி, மொத்தம் 299.75 வெள்ளி. தனியாக டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை. யார் கொடுப்பது என்ற இழுபறி மேசையில் வேண்டாமென்றால், இனிப்பு வருவதற்குமுன் கைகழுவப் போகிற சாக்கில் அட்டையைக் கொடுத்துவிடலாம்.

மிச்சம் இருந்தால் கட்டிக் கொடுக்கச் சொல்லத் தயங்காதீர்கள். மறுநாளுக்குத் தாங்குவது கல்பி ஒன்றுதான். மைக்ரோவேவில் வைக்காமல், காய்ந்த கடாயில் ஒரு கரண்டி தண்ணீர் தெளித்து அரை நிமிடம் புரட்டி, சூடான சோற்றில் போட்டுச் சாப்பிடுங்கள்.